அண்ணாமலையார் வீதியில் உண்பனவும் ஊருக்குக் கொண்டுசெல்வனவும்

பஞ்சபூத ஸ்தலங்களுள் அக்கினி ஸ்தலமாக விளங்கும் திருவண்ணாமலைக்கு வருகிற யாத்ரீகர் ஒருவர், கோபுர தரிசனத்துக்கும் கிரிவலத்துக்கும் வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் சிரத்தையுடன் செய்துகொண்டு, ஆகார விஷயத்தை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாரானால், 14 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலுடன் நடக்கும் அந்த இரவில் அதன் பலனை அநுபவித்தே தீர வேண்டியிருக்கும். ஆகவே எங்கே, எப்போது, எதை உண்பது, எதை வாங்கிச் செல்வது என்பவற்றுக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்குவது அவசியமாயிற்று.

காசிக்குப் போய்வந்தவர்கள், அங்கே விடியற்காலையில் தொன்னையில் வைத்துத் தரும் கச்சௌரியையும் ஜிலேபியையும், பனிக்காலத்தில் மட்டுமே கிடைக்கும் மலையோ என்னும் பால்நுரையையும் பற்றிப் பல நாள் பேசி மகிழ்வதைக் கேட்டிருக்கிறோம். அத்தகைய பெருமை நம் க்ஷேத்திரங்களுக்கு இல்லை என்று அவர்களில் சிலர் கருதுவது, தங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பதைக் கண்ணெடுத்துப் பாராததால் வந்த அபிப்பிராயமே. காசியின் பண்டங்கள் கங்கைச் சமவெளியின் கோதுமையிலும் பாலிலும் பிறந்தவை; அண்ணாமலையின் பண்டங்களோ மழையை நம்பிய செம்மண் காட்டின் நிலக்கடலையிலும், கேழ்வரகிலும், ஏரிப் பாசன நெல்லிலும், கரும்பு வெல்லத்திலும் பிறந்தவை. இவற்றில் ஆடம்பரம் குறைவு. ஆனால் பருவத்தோடும் பௌர்ணமியோடும் இவற்றுக்குள்ள சம்பந்தம் மிகவும் நெருக்கமானது. இம்மண்ணில் விளைந்ததை, விளைந்த பருவத்தில், அன்றன்றைக்குச் செய்ததை வாங்கி உண்பது என்ற ஒரே விதியைக் கைக்கொண்டவர் இவ்வூரில் ஏமாற்றமடைய மாட்டார்.

காலை நேரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாட வீதிகளிலும், சந்நிதித் தெரு, சின்னக்கடைத் தெரு முதலிய இடங்களிலும், இட்லி, பொங்கல், பூரி எல்லாம் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கிடைப்பது போலவே கிடைக்கின்றன. முதல் நாள் மசால் வடையை உதிர்த்து, பட்டை சோம்பு மணக்கக் குழம்பாக்கிய வடகறியும், தேங்காயைக் குறைத்து வறுத்த கடலையை நிறைய அரைத்த சட்னியும் இட்லிக்குத் துணையாக வருமானால், வட ஆற்காட்டுச் சமையல் உங்கள் இலைக்கு வந்துவிட்டதென்று அறியலாம்.

ஆனால் வெயில் ஏறிய பிறகு தெருமுனைகளில் வந்து நிற்கும் கூழ் வண்டியைக் கடந்து போய்விடக் கூடாது. தொண்டை மண்டலம் முழுவதிலும் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மன் கோயில்கள்தோறும் கூழ் வார்க்கும் வழக்கம் உண்டு. போளூருக்கு அப்பாலுள்ள படவேட்டு ரேணுகாம்பாளை நினைத்து வார்க்கும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அந்தப் பிரசாதமே மற்ற நாட்களில் உழைப்பாளியின் பகல் ஆகாரமாக வண்டியில் வருகிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்க விட்டு, அரிசி நொய்யை வேகவைத்து அதில் இந்த மாவை ஊற்றிக் கட்டி விழாமல் கிண்டி இறக்கி, மறுநாள் காலையில் மோர் விட்டு உப்புப் போட்டுக் கையால் கரைத்தால் கூழ் ஆயிற்று. புளிப்பு நாக்கில் இலேசாகத் தெரிய வேண்டும். நொய் பருக்கை பருக்கையாக வாயில் அகப்பட வேண்டும். மாவின் பச்சை வாசனை சிறிதும் இருக்கக் கூடாது. உரித்த சின்ன வெங்காயம், எண்ணெயில் பொரித்த மோர் மிளகாய், பருவத்தில் கீறிய மாங்காய் ஆகியவை உடன் வரும். ஒரு சொம்பு குடித்தவருக்குப் பிற்பகல் வரையில் பசியும் தெரியாது, தாகமும் தெரியாது. கரைப்பதற்கு ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி போட்ட பாத்திரத்திலிருந்து சுத்தமான தண்ணீரை எடுத்துக் கரைக்கிற வண்டியைத் தேர்ந்துகொண்டால் போதும்.

இனி, இந்த அத்தியாயத்தின் பிரதான விஷயமான கிரிவலத்துக்கு வருவோம். பௌர்ணமி இரவில் நடப்பவர்கள், நீண்ட நடைக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்வது நல்லது என்று எண்ணி, ஓட்டலில் புரோட்டாவும் குருமாவும் உண்டு புறப்படுவதைக் காண்கிறோம். இது பெரும் பிழை. ராஜகோபுரத்திலிருந்து புறப்பட்டு இந்திர லிங்கம், அக்கினி லிங்கம் கடந்து செங்கம் சாலையில் ரமணாச்ரமத்தைத் தாண்டுவதற்குள்ளாகவே கனமான ஆகாரம் காலைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கிவிடும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாக நான்கு இட்லியோ கொஞ்சம் தயிர் சாதமோ உண்டு, எம லிங்கம், நிருதி லிங்கம் வரையில் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அங்கிருந்து வருண லிங்கத்தை அடைந்து அடிஅண்ணாமலையை நெருங்கும்போது நடை ஏறக்குறையப் பாதி முடிந்திருக்கும். நியாயமான பசியும் எடுத்திருக்கும். அந்த இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து சிறிது உண்பதற்குரிய பண்டம் ஒன்று இருக்கிறதென்றால், அது அவித்த நிலக்கடலைதான்.

திருவண்ணாமலை மாவட்டத்து மானாவாரி நிலங்களின் முக்கியப் பயிர்களில் ஒன்று நிலக்கடலை. இவ்வூரார் இதை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்வார்கள். கூடையோடு உட்கார்ந்திருக்கும் மூதாட்டியிடம், "ஆயா, ஒரு ஆழாக்கு மல்லாட்டை கொடுங்க" என்று கேட்டால் அவர் முகம் மலர்வதைக் காணலாம். ஆடியை ஒட்டி விதைத்த கடலை, புரட்டாசி ஐப்பசியில் பிடுங்கப்பட்டு, மண் கழுவிய ஈரத்தோடு உப்புத் தண்ணீரில் வேகவைக்கப்பட்டு வருகிறது. அந்தப் பருவத்தில் தோடு வெளிறி மெல்லியதாக இருக்கும்; விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து உப்பு நீர் பீறிடும்; பருப்பின் தோல் இளஞ்சிவப்பாயிருக்கும்; கடித்தால் ஒருவிதப் பால் இனிப்பு ஊறும். மற்றப் பருவங்களில் கிடைப்பது காயவைத்த கடலையை ஊறவைத்து அவித்தது. அதுவும் நல்லதே, ஆனால் அந்தப் பால் இனிப்பை அதில் எதிர்பார்க்கலாகாது. ஒரு எச்சரிக்கையைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கறுத்துச் சுருங்கிய பருப்போ கசக்கிற பருப்போ வாயில் அகப்பட்டால் விழுங்காமல் துப்பிவிடுங்கள், கடலையில் பூசணம் பிடித்தால் உண்டாகும் நஞ்சு, அவிக்கிற சூட்டில் அழிவதில்லை. தோட்டைப் பாதையில் இறைக்காமல் வாங்கிய காகிதப் பொட்டலத்திலேயே போட்டுக் கொண்டுபோங்கள். பின்னால் வருகிறவர்களும் வெறுங்காலுடன் நடக்கிறவர்களே.

கடலைக்கு அடுத்தபடி அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தை மாசியில் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, எப்போதும் கிடைக்கும் கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவற்றைத் தயக்கமின்றி வாங்கலாம். எண்ணெயில் இட்ட பஜ்ஜி, போண்டா வகைகளை நாம் அடியோடு விலக்கச் சொல்லவில்லை. ஆனால் லக்ஷக்கணக்கான ஜனங்கள் திரளும் பௌர்ணமி இரவில், மாலையில் ஊற்றிய எண்ணெயே விடியும் வரை கொதித்துக்கொண்டிருக்கும் சட்டிகள் பல. சட்டியின் ஓரத்தில் கறுத்த நுரை ஒதுங்கியிருந்தாலும், புகை கண்ணைக் கரித்தாலும் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். வாயு லிங்கத்துக்கும் குபேர லிங்கத்துக்கும் இடையே, நள்ளிரவு தாண்டிக் குளிர் இறங்கும் நேரத்தில், சுக்கும் கொத்தமல்லி விதையும் தட்டிப் போட்டுக் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த சுக்குமல்லிக் காபி பித்தளைப் பாத்திரங்களில் ஆவி பறக்கக் கிடைக்கும். மீதிப் பாதையை ஈசான்ய லிங்கம் வரை நடத்திக்கொண்டு போக, நாமறிந்த வரையில், இதற்கு நிகரான பானம் வேறில்லை.

கிரிவலப் பாதையில் விலை கொடுக்காமல் கிடைக்கும் ஆகாரமும் உண்டு. சாம்பார் சாதம், புளி சாதம், வெண்பொங்கல், கேசரி என்று தர்மவான்கள் தொன்னை தொன்னையாக வழங்குகிற அன்னதானத்தைப் பெற்றுக்கொள்வதில் யாருக்கும் கூச்சம் வேண்டாம். அது பிச்சையன்று, பிரசாதத்துக்குச் சமானம். ஆயினும், உண்ண முடிந்ததை மட்டும் வாங்குவது என்ற ஒழுங்கை ஒவ்வொருவரும் கொள்ள வேண்டும். இரண்டு வாய் உண்டு எறிந்த தொன்னைகள் பாதையோரத்தில் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இந்தப் பாதையிலேயே வசிக்கும் சாதுக்களும் ஏழைகளும் பௌர்ணமி கழிந்த மறுநாளில் ஒரு வேளைச் சோற்றுக்குக் காத்திருப்பதை நினையாமல் இருக்க முடிவதில்லை. அன்னதானம் செய்ய விரும்பும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: தீபத் திருவிழாக் காலத்தில் அதற்கு முன்னதாகவே மாவட்ட நிர்வாகத்தின் அநுமதி பெற வேண்டும், பாதையிலேயே அடுப்பு மூட்டிச் சமைக்க இடம் தருவதில்லை, வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, தொன்னை ஆகியவற்றையே உபயோகிக்க வேண்டும். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதிலுமே தடை செய்யப்பட்டவை. கூட்டம் பெருகும் திருவிழா நாளைவிட, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில் பத்துப் பேருக்குச் சோறு போடுவது இவ்வூரில் அதிகம் தேவைப்படுகிறது என்பது நம் திடமான எண்ணம்.

கோயிலுக்குள் பிரசாதக் கடையில் கிடைக்கும் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், அதிரசம், முறுக்கு ஆகியவற்றை யாத்ரீகர் தாமே கண்டுகொள்வார். ஆனால் உணவும் வழிபாடும் ஒன்றாகும் இரண்டு நாட்களை அவர் அறிந்திருக்க வேண்டும். ஐப்பசிப் பௌர்ணமியன்று, மற்றச் சிவாலயங்களில் போலவே இங்கும், வடித்த அன்னத்தால் சுவாமியின் திருமேனியை மூடி அன்னாபிஷேகம் செய்கிறார்கள். அன்றைய சோறு பிறகு அடியார்களுக்குப் பிரசாதமாகிறது. மற்றொன்று மாட்டுப் பொங்கல். அன்று நந்திகளுக்குக் காய்கறியும் கனியும் கோத்த மாலைகளுடன், அதிரசமும் வடையும் முறுக்கும் கோத்த மாலைகளைச் சாற்றுகிறார்கள். உழவுக்கு உதவிய மாட்டை வீட்டில் கொண்டாடுகிற தினத்தில் ஈசனுடைய வாகனத்துக்குப் பலகார மாலை சூட்டும் இந்தக் காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும். அன்றைக்கே திருவூடல் உற்சவமும் நடப்பதால், திருவூடல் தெருவிலும் மாட வீதிகளிலும் மாலையில் கூட்டமும் பலகாரக் கடைகளும் நிறைந்திருக்கும்.

கார்த்திகைத் தீபத்துக்கு வருகிறவர்கள் தேடிப் பெற வேண்டியது பொரி உருண்டை. அதிகாலை நான்கு மணிக்குக் கோயிலில் பரணி தீபமும், மாலை ஆறு மணிக்கு 2668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகாதீபமும் ஏற்றப்படுகின்றன. சுமார் 3500 கிலோ நெய் வார்க்கப்படும் அந்தக் கொப்பரையில் ஜோதி எழுந்ததைக் கண்ட பின்னரே ஊரார் தம் வாசல்களில் விளக்கேற்றி, பொரியையும் அடையையும் அப்பத்தையும் நிவேதனம் செய்கிறார்கள். அதற்கு முன் சில நாட்களாகவே கடைவீதியில் பொரி மூட்டைகள் வந்து இறங்கிவிடும். சூடேறிய மணலில் நெல்லைப் போட்டுப் புரட்ட, உமி வெடித்து மல்லிகை மொட்டு விரிந்தாற்போல் வெளிவருவது நெல்பொரி. அவலைப் பொரித்தது அவல்பொரி. கார்த்திகைக்கு உரியவை இவ்விரண்டுமே. தினசரி விற்கும் அரிசிப் பொரியில் உருட்டியது உண்ணத் தகாததன்று என்றாலும், கார்த்திகை உருண்டையாகாது. நெல்பொரியை வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் முறத்தில் புடைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் உமியைப் பொறுமையாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். நான்கு பங்கு பொரிக்கு ஒரு பங்கு பொடித்த வெல்லம் எடுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றிப் பாகு காய்ச்சுங்கள். ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டி, தாம்பாளத்தில் போட்டால் ‘டங்’ என்று ஓசை எழும் பதம் வர வேண்டும். அந்தப் பதத்துக்கு முன்னால் இறக்கினால் உருண்டை மறுநாளே தளர்ந்து உதிரும். கடந்துவிட்டால் பல்லுக்கு அடங்காது. ஏலக்காய், சுக்குப் பொடி, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். விலைக்கு வாங்கும்போது, பளபளவென்று மஞ்சளாக மின்னும் உருண்டையை விட்டு, மங்கிய பழுப்பு நிறத்ததை வாங்குங்கள். நல்ல வெல்லத்தின் நிறம் அதுவே. காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் கெடாமலிருக்கும்.

ஊருக்குக் கொண்டுசெல்வதற்குப் பொரி உருண்டைக்கு அடுத்து வைக்கத் தக்கது அதிரசம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும் நிலையிலேயே இடித்துச் சலித்த மாவை, நீரில் விட்டால் உருட்ட வரும் இளம்பாகில் கிளறி, இரண்டொரு நாள் வைத்திருந்து, பிறகு தட்டி, மிதமான தீயில் பொரித்து, எண்ணெயைப் பிழிந்து எடுக்கிறார்கள். ஓரம் சற்றே மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருப்பது நல்ல அதிரசம். விண்டால் உள்ளே சிறு சிறு துளைகள் தெரியும். சர்க்கரையில் செய்தது வெளுத்துப் பார்வைக்கு அழகாயிருக்கும். ருசி வெல்லத்தில் செய்ததற்கே. செய்த அன்றைவிட மறுநாள் உண்பது சிறந்தது; ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

வடக்கிலிருந்து ஆரணி வழியாக வருகிறவர்கள் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கி வருவதுண்டு. நவாபுகளின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த இனிப்பு, கோவாவையும் மைதாவையும் பிசைந்து, நடுவில் முந்திரி முதலிய பருப்புகளைப் பொதிந்து, நெய்யில் பொரித்துப் பாகில் ஊறவைத்தது. வடநாட்டுக் குலாப் ஜாமூனுக்கு நெருங்கிய உறவான இது நம் வட ஆற்காட்டிலேயே குடியேறி நம்முடையதாகிவிட்டது. திருவண்ணாமலைக் கடைகளிலும் இதே பெயரில் விற்கிறார்கள் என்றாலும், இதை ஆற்காட்டில் வாங்குவதே முறை.

பலகாரப் பொட்டலம் என்றதும் இவ்வூரில் யாவருக்கும் நினைவுக்கு வரும் ஒரு வரலாறு உண்டு. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதுப் பிள்ளையாக இங்கே வந்திறங்கிய ரமண மகரிஷியின் கையில், முந்தைய நாள் கோகுலாஷ்டமிக்காகச் செய்த பலகாரங்கள் அடங்கிய ஒரு பொட்டலம் இருந்தது. வழியில் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டு அம்மாள் அன்போடு கட்டிக் கொடுத்தது. கோயிலில் அருணாசலேசுவரரைத் தரிசித்து வந்த பின் அவர் அதை ஐயங்குளத்து நீரில் எறிந்துவிட்டார். எல்லாவற்றையும் அப்படி உதறிய அவரே பிற்காலத்தில் மலைமேல் வாழ்ந்தபோது, தாயார் அழகம்மையார் அப்பளம் இடுவதைக் கண்டு அதையே பொருளாக வைத்து அப்பளப் பாட்டு இயற்றினார். ஆச்ரமம் அமைந்த பின் சமையலறையில் விடியுமுன்பே அமர்ந்து காய் நறுக்கினார். ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் நாள்தோறும் முற்பகலில் அன்னம் அளிக்கும் வழக்கம் அந்த ஆச்ரமத்தில் இன்றும் நடைபெறுகிறது. ஆச்ரமத்தின் பின்புறமாக ஸ்கந்தாச்ரமத்துக்கு ஏறுகிறவர்கள் கையில் பழமோ பலகாரமோ வெளியே தெரியும்படி கொண்டுபோக வேண்டாம்; குரங்குகள் பிடுங்கிக்கொள்ளும்.

செங்கம் சாலையில் ஆச்ரமத்தைச் சுற்றி, வெளிநாட்டு அன்பர்களை உத்தேசித்து ரொட்டியும் கேக்கும் விற்கும் கடைகள் பல உண்டு. அவற்றை நாடுவோருக்கு வழிகாட்டி தேவையில்லை. புலால் உண்பவர்கள், கிரிவலம் முடிந்த வேறொரு நாளில், 1958இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணைக்குப் போனால், மசாலா தடவிக் கண்ணெதிரே பொரித்துத் தரும் அணை மீன் கிடைக்கும். கேட்ட பிறகு பொரிப்பதை மட்டும் வாங்குங்கள்.

எந்த மாதத்தில் வருவது என்று கேட்பவர்களுக்கு நம் விடை இது. தீபம் காண்பதே நோக்கமானால் கார்த்திகையில் வருக. ஆனால் அந்த நாட்களின் நெரிசலில் நிதானமாக உட்கார்ந்து உண்பது அரிது. இவ்வூரின் உணவையும் சேர்த்து அநுபவிக்க விரும்புகிறவர் ஐப்பசிப் பௌர்ணமிக்கு வருவதே உத்தமம். அன்று சந்நிதியில் அன்னாபிஷேகம். காட்டில் பிடுங்கிய புதுக் கடலை பாதையெங்கும் ஆவி பறக்கும். மழை ஓய்ந்த இரவாக வாய்த்தால் நடையும் சுகமாயிருக்கும். அன்னாபிஷேகத்தை முன்னிட்டுப் பிற்பகலில் சில மணி நேரம் தரிசனம் நிறுத்தி வைக்கப்படுவதால், காலையிலேயே தரிசித்துவிட்டு மாலையில் கிரிவலம் தொடங்குங்கள். சில்லறை நிறையக் கொண்டுவாருங்கள். கடலை விற்கும் ஆயாக்களிடம் பேரம் பேசாதீர்கள்.